காணாமல் போன 11 நிமிஷம்: ஒரு மைக் பின்னின் வரலாறு

போன எபிசோடில் 23ஆவது நிமிஷத்தில் பேச்சு சட்டென்று வேறு இடத்துக்குத் தாவியதைக் கவனித்து நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "எடிட்டிங்ல ஏதாவது கட் பண்ணிட்டீங்களா?" என்று. இல்லை. கட் பண்ணவில்லை. அந்த இடத்தில் 11 நிமிஷப் பேச்சு இருந்திருக்க வேண்டும். பதிவாகவில்லை. ஃபைலில் அந்த நேரம் இருக்கிறது, அதில் ஒலி இல்லை. ஒரு நேர்கோடு மட்டும்.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது என் அத்தையின் எபிசோடு. திருச்சி பக்கம் ஒரு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். நம்பர் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அவர்கள் ஊர் ஊராகக் கேட்டு இணைப்புக் கொடுப்பார்களே, அந்த வேலை. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று காலுக்கு மூன்று தரம் இருந்த காலம். நான் கேம் விளையாடும் ஹெட்செட்டை எடுத்து அவர் தலையில் மாட்டினேன். கண்ணாடி மாதிரி இயல்பாகச் சரிசெய்துகொண்டு, "இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்டா, நீ கேள்வியைக் கேளு" என்றார்.

அந்த 11 நிமிஷத்தில் அவர் சொன்னது ஒரு ராத்திரி டியூட்டியைப் பற்றி. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் டைமர் ஓடியது தெரிந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த மைக்கைத் துரத்தினேன். பிழை தேடுவதுதான் எனக்கு ஆபீஸிலும் வேலை. ஆனால் இந்தத் தேடலில் ஒவ்வொரு சந்தேகமும் ஒவ்வொரு வருஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. இன்றைய எபிசோடு அந்தக் கதைதான்.

முதலில் நான் செய்தது நீங்க எல்லாரும் செய்வதுதான். மைக்கைத் தட்டினேன். கல்யாண வீட்டில் மைக் செட் போடும் அண்ணன் முதல் பெரிய கம்பெனி மேனேஜர் வரை மைக் வேலை செய்யவில்லை என்றால் தட்டித்தான் பார்ப்பார்கள். இது வெறும் பழக்கதோஷம் இல்லை. ஒரு காலத்தில் தட்டினால் நிஜமாகவே சரியாகும்.

1870களின் கடைசியில் எடிசன், ஹியூஸ், பெர்லினர் எல்லாரும் ஒரே சமயத்தில் கரியை வைத்து மைக் செய்யப் பார்த்தார்கள். யார் முதல் என்ற சண்டை கோர்ட் வரை போனது, அதற்குள் நாம் போக வேண்டாம். 1878இல் இங்கிலாந்தில் ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற பாதிரியார் ஒரு மாற்றம் செய்தார். கரியைத் துண்டாக வைக்காமல் பொடிப்பொடியான குருணையாக நிரப்பினார். பேசும்போது தகடு அதிரும், குருணை நெருங்கும், விலகும். அதற்கேற்ப மின்சாரம் கூடும், குறையும். நல்ல சத்தமான மைக். இந்தக் குருணை மைக்கின் வாரிசுகள்தான் ஏறக்குறைய நூறு வருஷம் டெலிபோன்களில் இருந்தன. அதன் நோய் ஒன்றுதான்: குருணை நாளடைவில் ஒட்டி இறுகிவிடும், குரல் மங்கும். போனைத் தட்டினால் குருணை கலைந்து குரல் திரும்பும். நம் கை இன்னும் அந்தக் கரியைத் தட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கரி மைக் தானாக மின்சாரம் உண்டாக்காது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் தெரியும். ஆரம்பத்தில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பேட்டரி இருந்தது. பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்தே வயர் வழியாக அனுப்பினார்கள். நம் வீட்டில் கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்தது ஏன் என்றால் இதுதான் காரணம். இந்த மாதிரி மைக் என்றால் அது மின்சாரம் கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, கம்ப்யூட்டரில் இது திரும்ப வரும்.

தட்டியதில் என் மைக் சரியாகவில்லை. அடுத்தது பின்னை உருவி மறுபடி சொருகினேன். வேலை செய்தது! பத்து நிமிஷம் கழித்து மறுபடி போனது.

இந்தப் பின் எங்கிருந்து வந்தது தெரியுமா? அத்தையின் வேலை இடத்திலிருந்து. 1878 ஜனவரியில் அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். 21 சந்தாதாரர்கள். ஜார்ஜ் காய் என்பவர் அந்த போர்டைச் செய்தபோது கையில் கிடைத்ததையெல்லாம் போட்டிருக்கிறார்: வண்டிக்கு அடிக்கும் போல்ட், டீ பாட் மூடியின் குமிழ், அக்காலப் பெண்கள் பாவாடையை உப்பலாக நிறுத்த வைத்துத் தைத்த கம்பி. இணைப்பு மாற்ற ஒரு கைப்பிடியைத் திருப்ப வேண்டும். சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் வந்தால் இது தாங்காது. கொஞ்ச நாளில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் சார்லஸ் ஸ்க்ரிப்னர் ஒரு சொருகி உருவும் அமைப்பைச் செய்தார். அதன் முதல் வடிவம் மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் ஜாக்-நைஃப் சுவிட்ச் என்று பெயர். அதுவே சுருங்கி 'ஜாக்' ஆனது. இன்று நாம் ஆடியோ ஜாக் என்று சொல்வது அந்தக் கத்தியின் மிச்சம்.

பின்னின் முனைக்கு டிப், நடு வளையத்துக்கு ரிங், அடி உருளைக்கு ஸ்லீவ் என்று ஆபரேட்டர்கள் காலத்தில் வைத்த பெயர்கள்தான் இன்றைய ஹெட்செட் அட்டைப்பெட்டியிலும். கிட்டாரில் சொருகும் கால் அங்குலப் பின் அதே பழைய உருவம். டிரான்சிஸ்டர் ரேடியோ, பிறகு 1979இல் வாக்மன் என்று கருவிகள் சட்டைப்பைக்கு வந்தபோது பின்னும் 3.5 மில்லிமீட்டருக்கு இளைத்தது.

அந்த ஜாக்கில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ஓட்டைக்குள் மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கும். பின் உள்ளே போனால் தகடு நகரும், நகர்ந்தால் ஒரு தொடர்பு விடும் அல்லது சேரும். அதனால் 'இங்கே ஒருவர் சொருகியிருக்கிறார்' என்பது போர்டுக்குத் தெரியும். இது அப்போது படிக்கும்போது எனக்குச் சும்மா ஒரு சுவாரசியமான தகவல். திரும்பி வருகிறேன்.

பின் சரியாக இருக்கிறது, வயரை வளைத்துப் பார்த்தாலும் கரகரப்பு இல்லை. அடுத்த சந்தேகம், மைக்குக்குப் போகும் மின்சாரம்.

1962இல் பெல் லேப்ஸில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் ஒரு மைக் செய்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தை நிரந்தரமாக ஏற்றி வைத்தார்கள். காந்தம் எப்படிக் காந்தத்தன்மையைப் பிடித்து வைத்திருக்கிறதோ, அப்படி இந்தப் படலம் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும். எலெக்ட்ரெட் மைக். கரியின் இரைச்சல் இல்லை, செய்யும் செலவு குறைவு, பட்டாணி அளவுக்குச் சுருக்கலாம். கேசட் ரெக்கார்டர் முதல் என் கேம் ஹெட்செட் வரை எல்லாவற்றிலும் இதன் வாரிசுதான்.

ஆனால் அதன் சிக்னல் மிகப் பலவீனம். மைக்கோடு ஒட்டியே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் இருந்தால்தான் வயரைத் தாண்டும். அந்த டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட் வேண்டும். திரும்ப அதே கதைதான், இந்த மைக்கும் மின்சாரம் கேட்கும். டெலிபோனில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தது. கம்ப்யூட்டரில் யார் கொடுப்பது?

சவுண்ட் கார்டு. ஐபிஎம் பிசி 1981இல் வந்தபோது அதற்கு வாய், காது எதுவும் கிடையாது, 'பீப்' மட்டும்தான். 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி, சிம் வோங் ஹூவின் கம்பெனி, சவுண்ட் பிளாஸ்டர் கொண்டுவந்தது. மைக் சொருகவும் அதில் இடம் இருந்தது. பிறகு வந்த பிசி மைக் சாக்கெட்டுகளில் டிப்பில் குரல் போகும், ரிங்கில் மைக்குக்கான வோல்டேஜ் வரும். அதனால்தான் மேடை மைக்கை நேராக பிசியில் சொருகினால் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். அது வேறு சாதி, இந்த வோல்டேஜ் அதற்குத் தேவையில்லை, அதன் சிக்னலும் இந்தச் சாக்கெட்டுக்குப் போதாது.

ஒரே மாதிரி மூன்று ஓட்டைகள் இருந்ததால் மக்கள் மாற்றி மாற்றிச் சொருகினார்கள். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வழிகாட்டியில் நிறம் கொடுத்தார்கள். மைக் இளஞ்சிவப்பு, ஸ்பீக்கர் இளம்பச்சை. நல்ல யோசனைதான். ஆனால் சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த ஜோடியைக் கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் நான் ஒரு டிக்கெட் போடுவேன்.

என் ஹெட்செட்டில் இளஞ்சிவப்பும் பச்சையும் சரியாகவே இருந்தன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ரிங்கில் வோல்டேஜ் வருகிறது. அப்படியானால் மின்சாரம் இல்லாத குறை இல்லை.

நடுவில் ஒரு கிளைக்கதை. நிறைய பேருக்கு வரும் சிக்கல் இதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். போன் ஹெட்செட்டில் ஒரே பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கும், அதாவது நான்கு துண்டுகள். இடது, வலது, கிரவுண்ட், மைக். இதில் கடைசி இரண்டின் வரிசையில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. சிடிஐஏ என்ற முறையில் மூன்றாவது கிரவுண்ட், நான்காவது மைக். 2007 ஐபோன் இந்தப் பக்கம். ஓஎம்டிபி முறையில் இது தலைகீழ், பழைய நோக்கியா போன்கள் பல அந்தப் பக்கம். ஒன்றுக்கான ஹெட்செட்டை இன்னொன்றில் சொருகினால் என்ன ஆகும்? பாட்டில் வயலின் கேட்கும், தபலா கேட்கும், பாடகர் குரல் மட்டும் காணாது. கிரவுண்ட் சரியாகக் கிடைக்காமல் இடது வலதுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் காதுக்கு வரும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும். மைக்கில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வரும், ஏனென்றால் அந்தப் பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்கும். ஸ்கூல் படிக்கும்போது நான் ஒரு வருஷம் முழுக்க அப்படிப் பட்டனை அழுத்திக்கொண்டே எஸ்.பி.பி.யைக் கேட்டிருக்கிறேன். ஹெட்செட் பழுது என்று நினைத்தேன். பழுதே இல்லை. இந்த ஒற்றைப் பின்னைக் கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்பு ஓட்டையில் சொருகினாலும் மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் வேண்டும்.

சரி, என் பிரச்சினைக்கு வருவோம். இரண்டாவது வாரம்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். மைக் போகும்போது, சவுண்ட் செட்டிங்ஸ் பட்டியலில் மைக்கின் பெயர் இருக்கிறதா, பெயரே மறைகிறதா?

உங்கள் வீட்டு மைக் சதி செய்தால் இங்கிருந்து தொடங்குங்க. பெயர் இருக்கிறது, ஆனால் லெவல் அசையவே இல்லை என்றால்: வயரில் உள்ள மியூட் சுவிட்ச், விண்டோஸ் பிரைவசியில் மைக் அனுமதி, இன்னொரு ஆப் மைக்கை முழுதாகக் கைப்பற்றி வைத்திருப்பது, இப்படி ஏதாவது ஒன்று. பெயர் இருக்கிறது, அசைத்தால் கரகரவென்கிறது என்றால் வயர். பெயரே வந்து வந்து மறைகிறது என்றால், 'பின் சொருகியிருக்கிறது' என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

என்னுடையது மூன்றாவது. அப்போதுதான் ஒரு பழைய ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக ஆபீஸ் மீட்டிங்கில் கூட வேலை செய்பவர், "ப்ரோ, அப்பப்ப கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெட்வொர்க் என்று தள்ளிவிட்டேன். உண்மையில் ஹெட்செட் மைக் மறையும்போதெல்லாம் மீட்டிங் ஆப் சத்தமில்லாமல் வெப்கேம் மைக்குக்குத் தாவியிருக்கிறது. என் ரெக்கார்டிங் ஆப் தாவாது. இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டே டைமரை ஓட்டும்.

பின் சொருகியதைக் கம்ப்யூட்டர் எப்படி அறிகிறது? 2004இல் இன்டெல் எச்டி ஆடியோ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்தது ஏசி 97. கேபினட்டின் முன்பக்கச் சாக்கெட்டுக்குப் போகும் பத்து பின் இணைப்பின் உருவத்தை மாற்றாமல், சில பின்களின் வேலையை மட்டும் மாற்றினார்கள். பழைய முறையில் ஸ்பீக்கர் ஒலி முன்பக்கம் போய் சாக்கெட்டைச் சுற்றித் திரும்பி வந்த பின்கள், புதிய முறையில் 'சொருகியாச்சா' என்று கேட்கும் பின்கள் ஆயின. அதனால் அந்தக் கால கேபினட் வயரில் ஏசி 97, எச்டி ஆடியோ என்று இரண்டு தலைகள் தொங்கும். தவறானதை மாட்டினாலும் பொருந்தும்! பல பேருடைய முன்பக்க மைக் இதனால்தான் செத்துக் கிடக்கிறது. நான் அசெம்பிள் செய்த பிசி என்பதால் முதல் சந்தேகம் என் மேல்தான். திறந்து பார்த்தேன், சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.

எச்டி ஆடியோவில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு ரெசிஸ்டர் உண்டு: 5.1, 10, 20, 39.2 கிலோ ஓம். பின் சொருகினால் அதற்குரிய ரெசிஸ்டர் சர்க்யூட்டில் சேரும். மொத்த அளவைப் பார்த்து எந்த ஓட்டையில் ஆள் வந்திருக்கிறது என்று சிப் கண்டுபிடிக்கும். அழகான யோசனை. ஆனால் அந்த ரெசிஸ்டரைச் சேர்ப்பது யார்? சாக்கெட்டுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு. அத்தையின் போர்டில் இருந்த அதே தகடு.

முன்பக்கப் பேனலைக் கழற்றி, மல்டிமீட்டரை அந்த சுவிட்சின் இரண்டு காலிலும் வைத்தேன். பின் முழுசாக உள்ளே இருக்கும்போது 'பீப்'. வயரைக் கீழ்ப்பக்கம் லேசாக இழுத்தால் 'பீப்' நின்றது. விட்டால் மறுபடி வந்தது. குரல் போகும் தொடர்பு கச்சிதமாக இருக்கிறது, மின்சாரம் வருகிறது, மைக் ஆரோக்கியம். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் தகடு மட்டும் தளர்ந்துவிட்டது. அத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார். வயர் இழுபட்டிருக்கிறது. 11 நிமிஷம்.

இந்த இரண்டு வாரத்தில் ப்ளூடூத் ஹெட்செட்டுக்கே போய்விடலாம் என்று ஒன்றைக் கடன் வாங்கியும் பார்த்தேன். பாட்டு தேன் மாதிரி கேட்டது. மைக்கைத் திறந்த நொடியில் எல்லாம் தகரமானது. பாட்டுக்கு ஒரு வழி, இருவழிப் பேச்சுக்கு வேறு வழி என்பது ப்ளூடூத்தின் ஏற்பாடு. அந்தப் பழைய பேச்சு வழி நொடிக்கு 8,000 சாம்பிள். டெலிபோன் குரலை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடக்கி டிஜிட்டல் ஆக்கிய காலத்தின் கணக்கு அது. பெல் கம்பெனி 1962இல் டிஜிட்டல் டிரங்க் லைன் போட்டபோதும் இதே 8,000தான். பிறகு 16,000 வந்தது, ஆனால் இரண்டு பக்கமும் அதைப் பேசினால்தான் உண்டு. கடன் வாங்கியது பழைய கருவி. சாம்பிளை அத்தைக்கு அனுப்பினேன். "என்னடா, பம்பாய் லைன் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

காரணத்தை விளக்க அவருக்கு போன் செய்தேன். எச்டி ஆடியோ, ரெசிஸ்டர் என்று ஆரம்பித்து நான் பாதி சொல்வதற்குள், "ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ப்ளக்கைத் துணியால துடைச்சியா? கார்டு தொங்கிட்டிருந்துச்சா?" என்றார். கார்டு என்றால் இங்கே சவுண்ட் கார்டு இல்லை, துணி சுற்றிய வயர். வயரின் எடை ஜாக்கை இழுத்தால் இப்படித்தான் ஆகும், அவர்களுடைய போர்டில் கீழே எடைக்கட்டி வைத்து வயரை நேராக இழுத்து வைத்திருப்பார்களாம். எனக்கு இரண்டு வாரம் ஆனது அவருக்கு அரை நிமிஷம்.

சாக்கெட் போர்டை மாற்றினேன். இப்போது ஹெட்செட்டைப் பின்பக்கம்தான் சொருகுகிறேன், வயரை மேஜைக் காலில் ஒரு கிளிப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். ஸ்கிரீனில் டைமரைப் பார்ப்பதில்லை, லெவல் மீட்டரைப் பார்க்கிறேன். கூடவே போனிலும் ஒரு பதிவு ஓடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையை மறுபடி வரச்சொன்னேன். அதே நாற்காலி, அதே ஹெட்செட். அந்த ராத்திரி டியூட்டியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அன்றைக்கு அவர் சொன்னபோது மழை இருந்தது, எதிர் சீட்டு ஆபரேட்டரின் பெயர் இருந்தது, துபாயோ சிங்கப்பூரோ என்று ஒரு குழப்பம் இருந்தது, நடுவில் அவரே ஒருமுறை சிரித்தார். நான் கேட்டிருக்கிறேன். என்னால் திருப்பிச் சொல்ல முடியும். ஆனால் அது நான் சொல்வதாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதிவானதை அப்படியே போடுகிறேன். 19 விநாடி.

"ஒரு லைட்னிங் கால் வந்துச்சு. நான்தான் கனெக்ட் பண்ணேன். அந்தப் பக்கம் சாவுச் செய்தி. இந்தப் பக்கம் அந்தம்மா பேசவே இல்ல. மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு, நான் ப்ளக்கை எடுக்கல. அவ்வளவுதான்டா. இது பதிவாகுதா இல்லையா, பாரு."